வந்த காரணம்

பதினோரு வருடமாக
காந்தி ரோட்டு லாட்ஜ் ஒன்றின் ரிசப்ஷனில்
பாஸ்போர்ட் ஜெராக்ஸ் எடுக்கிறவன் நான்.
டாக்கா, சில்ஹெட், குமில்லா.
கண்ணாடியில் கவிழ்ந்து படுக்கும் முகங்கள்.
ஒன்றுகூடச் சிரித்ததில்லை.
சிரித்தால் விசா தர மாட்டார்களாம்.
தந்தாலும்
இந்தத் தெருவுக்கு வருகிறவர்
எதற்குச் சிரிப்பார்?

ரெஜிஸ்டரில் ஏழாவது கட்டம்
‘வந்த காரணம்.’
சிகிச்சை. கீழே, மேற்படி.
அதற்கும் கீழே, மேற்படி.
மேற்படி போட்டுப் போட்டு
அந்தக் கட்டத்தை நான் படிப்பதே இல்லை.

டைல்ஸ் கம்பெனி
டீலருக்கும் துணைக்கு ஒருவருக்கும்
கோலாலம்பூர் டிக்கெட் கொடுத்தது.
டீலர், மாமா.
துணை, அக்கா.
அக்காவுக்கு மூன்றாவது மாடியிலேயே தலை சுற்றும்.
அப்படித்தான் நான் போனேன்.

அங்கே கவுன்டரில் ஒரு சீனப் பெண்
என் பாஸ்போர்ட்டை வாங்கி மெஷினில் கவிழ்த்தாள்.
பச்சை வெளிச்சம் என்மேல் ஒரு தரம் வழுக்கியது.
சூடாக வெளியே வந்தேன்,
கோணலாக.
நானாக இருந்தால் மறுபடி எடுத்திருப்பேன்.
அவள் பின் அடித்துவிட்டாள்.

அட்டையில் அதே கேள்வி.
சுற்றுலா என்று எழுதப் பேனா தயங்கியது,
பொய் சொல்கிறவன் மாதிரி.

கோபுரத்தைப் பார்த்தேன், கழுத்து வலித்தது.
அதை விடுங்கள்.
இரண்டு ஆறு சேருகிற இடத்தில்
சேற்று நிறத்தில் ஓடியது தண்ணீர்.
மாமாவுக்கு அது அழுக்கு.
எனக்கு அது தண்ணீர்.
பாலாற்றங்கரையில் பிறந்தவன்,
ஓடுகிற எதையும் குறை சொல்ல மாட்டேன்.

இளநீர் பன்னிரண்டு வெள்ளி என்றார் ஒருவர்.
கிழமை என்றிருந்தேன் அதை,
அங்கே அது காசு.
விற்றவர் மலாய்க்காரர்.
பாக்கி தரும்போது தமிழில் எண்ணினார்.
பத்துக்குமேல் அவருக்குத் தெரியவில்லை,
பத்தே போதுமாக இருந்தது.

டாக்ஸிக்காரர் மரியப்பன்
தாத்தா காலத்திலேயே அங்கே போனவர்களின் பேரன்.
“எந்த ஊரு?” என்றார்.
“வேலூர்.”
ரேடியோவைக் குறைத்தார்.
“யாருக்கு உடம்பு சரியில்ல?”
யாருக்கும் இல்லை, அங்கேயேதான் இருக்கிறேன் என்றேன்.
கொஞ்ச தூரம் போனபின்
மறுபடி கேட்டார்,
“நல்லா இருக்கீங்கல்ல?”

திரும்பி வந்தேன்.
அதே தெரு.
மருந்துக்கடைமேல் வங்காள எழுத்து,
கடுகெண்ணெயில் மீன் பொரியும் வாசனை,
மணிப்பூர்ப் பையன்கள் இருவர்
எக்ஸ்ரே கவரைக் குடையாகப் பிடித்து ஓடுகிறார்கள்.
எத்தனை பாஷை என்று
முதல் தடவையாக எண்ணினேன்.
ஆறில் போன் அடித்தது,
விட்டுவிட்டேன்.

203 ஷர்மீன், குமில்லா.
கணவனுக்குக் கிட்னி. நாற்பத்தொரு நாள்.
சாவியைக் கொடுக்கும்போது கேட்டாள்,
ஐந்து நாள் உங்களைக் காணோமே தாதா, எங்கே?
எனக்குத் தெரிந்த வங்காளத்தில் சொன்னேன்.
முகம் மாறியது.
“அங்கே டாக்டர் நல்லவரா?”

இல்லையம்மா,
பேராதே. சும்மா, சுற்றிப் பார்க்க.

சும்மாவா, என்றாள்.
பிறகு
சாவிக்கொத்து குலுங்கச் சிரித்தாள்.
பாஸ்போர்ட்டில் இல்லாத முகம் அது,
மேல்வரிசையில் ஒரு பல் தெற்றியிருக்கிறது.

இங்கே பார்க்க என்ன இருக்கிறது தாதா?
நாலிலிருந்து ஆறுவரை
அவரைத் தூங்கச் சொல்லிவிடுகிறார்கள்.

கோட்டை, என்றேன்.
அகழி இருக்கிறது, தண்ணீரோடு.
உள்ளே கோயில், மசூதி, சர்ச், மூன்றும் உண்டு.
நடந்தே போகலாம்.
சொல்லும்போதுதான் நினைத்தேன்,
நான் போய் ஆறு வருடம் இருக்கும்.

மறுநாள் ஏழு மணிக்கு வந்தாள்,
செருப்பில் புல் ஒட்டியிருந்தது.
போனை நீட்டினாள்.
அகழி, பாதி மதில்,
ஓரத்தில் அவளுடைய கட்டைவிரல்.
எல்லாம் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது.

நல்லா வந்திருக்கு, என்றேன்.
மறுபடி எடுக்கச் சொல்லவில்லை.